புகையில்லாத கரி

ரியாத்தில் குளிரா என்று யாராவது கேட்டால் சீதாராமனுக்குப் பற்றிக்கொண்டு வரும். திருச்சியிலிருந்து போன் பண்ணும் மச்சினன் வருஷம் தவறாமல் அதே கேள்வியைத்தான் கேட்பான். "என்ன அத்திம்பேர், பாலைவனத்துல உக்காந்துண்டு ஸ்வெட்டரா?" என்று கெக்கெக்கே என்று சிரிப்பு வேறு. "நீ ஜனவரியில வந்து ஒரு வாரம் இருந்து பாருடா, அப்பறம் பல்லைக் காட்டலாம்" என்று சொல்லி இவர் போனை வைத்துவிடுவார்.

அவர் சொன்னதில் பொய் கிடையாது. அங்கே வீடுகளையெல்லாம் வெயிலுக்கென்றே கட்டியிருக்கிறார்கள். தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு மெல்லிசாக ஒற்றைக் கண்ணாடி, சுவரைத் துளைத்து வைத்த ஏசி. வடக்கேயிருந்து காற்று கிளம்பிவிட்டால் அத்தனை இடுக்கு வழியாகவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். இட்லி மாவு பொங்கவே பொங்காது. சீதாராமனின் மனைவி ஷியாமளா மாவுப் பாத்திரத்தைக் குளியலறை கீசருக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கு ஒரு பழைய சால்வையும் போர்த்திவிடுவாள். "இந்த வீட்டுல மாவுக்குக் கிடைக்கற கதகதப்பு கூட மனுஷாளுக்குக் கிடையாது" என்பாள். அவள் சொன்னதிலும் பொய் கிடையாது.

சீதாராமனுக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் காஸ்ட் கன்ட்ரோலர் உத்தியோகம். எதை வெட்டலாம், எதை ஒட்டலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஆபீசில் நாளெல்லாம் அதைச் செய்கிற மனுஷர் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாரா? நவம்பர் பிறந்ததும் ஆரம்பித்துவிடுவார். கம்பெனி ஸ்டோரில் சாமான் பொட்டலம் கட்டி மிஞ்சிய குமிழ் பிளாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவார். ஏசிக்கு அட்டைப்பெட்டியை வெட்டி மூடி, சுற்றிலும் டேப் அடிப்பார். கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டித் திணிப்பார். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கூட ஒரு பாலிதீன் உறை. எல்லாம் முடிந்ததும் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போய்ச் சுடர் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடாமல் நின்றுவிட்டால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

ஹீட்டர் இல்லையா என்றால், இருந்தது. பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஹீட்டர். ஆனால் அது பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு பீரோ மேல் உட்கார்ந்திருந்தது. "ரொம்பக் குளிர் வந்தா இறக்கலாம்" என்பார் சீதாராமன். ரொம்பக் குளிர் என்பது எது என்று அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.

இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். கட்டடத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மனுஷருக்குள் ஒரு பயம் இருந்தது. குடும்பம் வருவதற்கு முன்னால் பல வருஷம் ஊர் நடுவே பத்தா என்கிற கடைத்தெருவில் ஒரு ரூமில் இருந்தவர் அவர். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே இரும்புக் கட்டில்கள், கட்டிலைச் சுற்றி ஒரு துணித் திரை. அதற்குள்தான் வாழ்க்கை. மகள் மஹதி பிறந்தது, குப்புற விழுந்தது, முதல் முதல் "அப்பா" என்றது எல்லாவற்றையும் அந்தத் திரைக்குள் படுத்துக்கொண்டு போனில் பார்த்தார். லீவில் போனபோது குழந்தை இவரைப் பார்த்து வீரிட்டு அழுதது. அந்த அழுகையை அவரால் மறக்கவே முடியவில்லை.

அப்புறம் எப்படியோ குடும்ப விசா கிடைத்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் வந்தால் மட்டும் போதுமா? குடும்பத்து ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும். பள்ளிக்கூட ஃபீஸ், வாடகை என்று மற்றதெல்லாம் வரிசையாக நிற்கும். தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பின. வழியனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் பத்தாவுக்கு, அந்தத் திரைகளுக்குள் திரும்பினார்கள். சீதாராமனால் விசா கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஃபீஸையும் வாடகையையும் குறைக்க முடியாது. அவர் கைக்கு எட்டியது கரண்ட் பில் ஒன்றுதான். அதைப் பிடித்து இழுத்து வைத்தால் பெண்டாட்டி பிள்ளை கூடவே இருப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "இந்தக் குளிரைத் தாண்டிட்டா போதும் ஷியாமளா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஹதிக்கு அப்போது நாலாம் வகுப்பு. இடுப்பு வரைக்கும் தலைமுடி, வாய் நிறைய இங்கிலீஷ். கூடவே கொஞ்சம் வீசிங். குளிர் வந்தால் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். ஷியாமளாவின் சண்டையெல்லாம் இதை வைத்துத்தான்.

"ஏன்னா, கொழந்தை ரூம்லயாவது ஹீட்டரைப் போடுங்கோளேன். தொட்டா விரலெல்லாம் சில்லுனு இருக்கு."

"சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு."

"ரெண்டு சாக்ஸ் போட்டுண்டுதான் இருக்கா!"

இப்படிச் சண்டை முற்றும்போது சீதாராமன் மகளைக் கூப்பிடுவார். "மஹதிக் கண்ணா, மேனேஜ் பண்ணிடலாமா?" என்று கேட்பார். அது அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. அவள் போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "ஐ கேன் மேனேஜ், அப்பா!" என்பாள். "சபாஷ்! யாரு பொண்ணு!" என்று அவர் உச்சி முகர்வார். அந்த ஒரு சபாஷுக்காகக் குழந்தை எவ்வளவு குளிரையும் தாங்கும். ஷியாமளா சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உண்மையில் அது பக்கத்து வீடே இல்லை. ஒரே பெரிய வீட்டை நடுவில் ஜிப்சம் பலகையால் தடுத்து, இரண்டாக்கி, இரண்டு வாடகை வாங்கினான் வீட்டுக்காரன். தடுத்தவன் மீட்டரைப் பிரித்துத் தரவில்லை. ஒரே மீட்டர், ஒரே பில், ஆளுக்குப் பாதி. அந்தப் பக்கத்துப் பாதியில் ஜுலைஹா பீவியும் அவள் புருஷன் கௌஸ் முகம்மதுவும் இருந்தார்கள். அதிராம்பட்டினத்துக்காரர்கள். அவன் ஒரு கம்பெனியில் வேன் டிரைவர்.

தடுப்புச் சுவரில், சீதாராமன் வீட்டுப் படுக்கையறைப் பக்கம், ஒரு ஓட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ ஏசிக் குழாய் போன வழி. கை முட்டி நுழையும். அதற்கு அந்தப் பக்கம் ஜுலைஹா பீவியின் சமையலறை. இரண்டு பெண்களுக்கும் அதுதான் டெலிபோன். "ஷியாமளாக்கா, கறிவேப்பிலை இருக்கா?" என்று ஒரு குரல் வரும். கறிவேப்பிலைக் கொத்து ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போகும், பேரீச்சம்பழம் இந்தப் பக்கம் வரும். மஹதி பாட்டு சாதகம் பண்ணும்போது, "பாப்பா, அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடு" என்று அங்கிருந்து நேயர் விருப்பம் வரும்.

அந்த வருஷம் டிசம்பர் பில் எகிறிவிட்டது. சீதாராமன் பில்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நம் வீட்டில் ஹீட்டர் பீரோ மேல். அப்படியானால் கரண்டை யார் குடிக்கிறார்கள்? "அவாத்துல நாள் பூரா ஹீட்டர் ஓடறது. பாதி காசு நம்மளோடது. போறாததுக்கு நம்மாத்துச் சூடும் அந்த ஓட்டை வழியா அவாத்துக்குத்தான் போறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டப்பாவில் அடைத்து விற்கும் நுரையை வாங்கிவந்து ஓட்டைக்குள் அடித்தார். அது உப்பிப் பெருகி, மறுநாள் கெட்டியாக இறுகிவிட்டது.

அந்தப் பக்கமிருந்து ஜுலைஹா பீவி, "அக்கா... அக்கா?" என்று கூப்பிட்டது மெல்லக் கேட்டது. ஷியாமளா சுவருக்கு அருகே போய் நின்றாள். அப்படியே திரும்பி வந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

இனி கரிக்கு வருவோம். குளிர்காலத்தில் ரியாத்துக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே மணல்வெளியில் போய் அடுப்பு மூட்டிக் குளிர் காய்வது வழக்கம். ஆபீஸ் நண்பர்களோடு அப்படி ஒரு பிக்னிக் போனபோது முக்கால் மூட்டைக் கரி மிச்சமாகிவிட்டது. மற்றவர்கள் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். விட்டுவருவாரா நம்மாள்? நண்பர் காரில் போட்டுக்கொண்டு வந்து சமையலறை மூலையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை லீவு நாள். மஹதிக்கு அன்றைக்குத்தான் எண்ணெய் ஸ்நானம். அவ்வளவு முடியையும் அந்தக் குளிரில் எப்படிக் காயவைப்பது? சாம்பிராணி போட்டுத்தான் ஆகவேண்டும். ஷியாமளா ரெண்டு கரித்துண்டை கேஸ் அடுப்பில் வைத்துச் சிவக்கவிட்டு, கரண்டியில் எடுத்துச் சாம்பிராணி தூவி, மகளை மடியில் படுக்கவைத்து முடியைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். அறையே கோவில் மாதிரி மணத்தது. சீதாராமன் உள்ளே வந்தவர் நின்றார்.

"ஷியாமளா, ரூம் வெதுவெதுன்னு ஆயிடுத்து பாத்தியோ?"

"ரெண்டு துண்டு நெருப்பு. அதுக்கே இப்படி."

அவ்வளவுதான், அவர் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு துண்டுக்கு இவ்வளவு என்றால் ஒரு வாணலி நிறைய இருந்தால்? மூட்டையோ ஓசியில் வந்தது. மீட்டர் ஓடாது, பில் வராது, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பங்கும் கிடையாது.

ஷியாமளாவும் லேசில் ஒத்துக்கொண்டுவிடவில்லை. "புகை வந்தா கொழந்தைக்கு மூச்சு இழுக்கும்" என்றாள். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. "புகை எங்கேந்து வரும்? நன்னா கனிஞ்ச கரிக்குப் புகையே கிடையாது. சமையலறையில எக்ஸாஸ்ட் போட்டு, புகையெல்லாம் போனப்பறம், தணலை மட்டும் உள்ள கொண்டுவரோம். கொஞ்சம் சாம்பிராணி போட்டா வாசனையாவும் இருக்கும். பச்சைக் கொழந்தைக்கே காட்டறதில்லையா?" சாம்பிராணி என்று சொன்னதும் அவளும் அடங்கிவிட்டாள். எத்தனை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் காட்டிவரும் சாம்பிராணி! அதில் போய் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் அப்படிக் காட்டிய வீடுகளில் முற்றமும் ஓட்டுக் கூரையும் திறந்த ஜன்னலும் இருந்தன. அது அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம், பழைய இரும்பு வாணலியில் தணலை வைத்து, ஒரு டைல்ஸ் துண்டின் மேல் படுக்கையறையில் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அறை சுகமாக இருந்தது. மஹதி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குதித்தாள். ஷியாமளா கூட அன்றைக்குச் சிரித்தாள். சாயங்காலம் அவளுக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. மஹதி, "ஐ ஃபீல் டிஸ்ஸி, அம்மா" என்று சாப்பிடாமல் சுருண்டு படுத்தாள்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா இப்படித்தான் அசத்தும். அதான் அன்னிக்குப் பகல்ல தூங்கப்படாதுன்னு பெரியவா சொல்லுவா" என்றார் சீதாராமன். ஷியாமளாவும் அப்படித்தான் நினைத்தாள். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு. எண்ணெய் ஸ்நானம் என்றால் உடம்பு தளரும், கண் சொக்கும். தலைவலியா, ஈரத் தலை. மயக்கமா, எண்ணெய்ச் சூடு இறங்குகிறது. கரியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை தூறியது. காற்று ஊளையிட்டது. இவ்வளவு குளிர் இந்த வருஷத்தில் இல்லை. ஹீட்டரை இறக்கச் சொல்லி ஷியாமளா வாய் திறப்பதற்குள் சீதாராமன் அடுப்பில் கரியை அடுக்கிவிட்டார். மஹதிக்கு எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. மிளகு ரசம், சுட்ட அப்பளம். தணல் போன வாரத்தைவிடக் கூடுதல். அம்மாவும் பெண்ணும் கம்பளிக்குள் புகுந்தார்கள்.

"நான் பத்தா வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை விலை மலிவா கிடைக்கறதாம்" என்றார் சீதாராமன். போகும்போது படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தினார். துண்டைக் காலால் கதவடியில் தள்ளினார். கெட்டியாக அடைத்திருக்கிறதா என்று குனிந்து கையை வைத்துப் பார்த்தார். காற்று வரவில்லை. சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

பத்தாவில் அன்றைக்கும் கூட்டம்தான். ரப்பர் பட்டையை வாங்கி, கத்தரிக்காயும் சேனையும் வாங்கி, கடையோரம் நின்று ஒரு டீயும் குடித்தார். ஷியாமளாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். தான் முன்பு இருந்த கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடி ஜன்னலில் யாருடைய லுங்கியோ நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, நாம் தப்பித்தோம் என்று தோன்றியது அவருக்கு. அப்போதுதான் போன் வந்தது. ஜுலைஹா பீவி. ஓட்டையை அடைத்த பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. தயங்கித்தான் எடுத்தார்.

"அண்ணே, அக்கா வீட்லதானே இருக்காங்க? கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டேன், தொறக்க மாட்டேங்கிறாங்க."

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுத் தூங்கறாம்மா. அப்பறமா வந்து பாரேன்."

"இல்லண்ணே. பாப்பா வாந்தி எடுக்குற சத்தம் செவுத்துல கேட்டுச்சு. அதான் ஓடியாந்தேன். இப்ப சத்தமே இல்ல."

சீதாராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கண்முன் அந்த வாணலி வந்தது. போன வாரத்துத் தலைவலி வந்தது. ஆபீசில் குளிர்காலம் தோறும் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் வந்தது. கேம்ப் ரூமுக்குள் கரி மூட்டாதீர்கள் என்று ஐந்து மொழியில் எழுதியிருப்பார்கள். அது தொழிலாளிகளுக்கு, தெரியாதவர்களுக்கு என்று நினைத்துத் தினம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் அவர்.

"ஜுலைஹா, உள்ள கரி இருக்கு! ரூமுக்குள்ள கரி வெச்சிருக்கேன்! கதவை உடைக்கச் சொல்லு! ஐயோ, எப்படியாவது உள்ள போம்மா!"

"யா அல்லாஹ்!" என்று அவள் கத்தியதோடு போன் கட்டாகிவிட்டது.

இரும்புக் கதவு அது, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு வேறு. கௌஸ் முகம்மது அதைத் தோளால் இடித்துக்கொண்டிருக்க, ஜுலைஹா பீவி தன் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு மேடை மேல் ஏறி நின்று, உலக்கை மாதிரி கனமான ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அந்த நுரை அடைப்பில் குத்தினாள். கெட்டியாக இறுகியிருந்தது. குத்திக் குத்தி உள்ளங்கைத் தோல் உரிந்தது. கடைசியில் அடைப்பு அப்படியே பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டையில் வாயை வைத்து, "அக்கா! ஷியாமளாக்கா! எந்திரிங்க! பாப்பாவைப் பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஷியாமளாவுக்கு அந்தக் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதாம். எழுந்திருக்க முடியவில்லை. கால் துணியாகத் துவண்டது. பாப்பா என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, தவழ்ந்து, படுக்கையறைக் கதவை இழுத்துத் திறந்து, ஹாலைக் கடந்து, வாசல் பூட்டைத் திருகிவிட்டு அங்கேயே வாசலில் விழுந்துவிட்டாள். கௌஸ் முகம்மது அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்து மஹதியைத் தூக்கிவந்தான். பின்னிவிட்டிருந்த முடி அவன் முழங்கால் வரை தொங்கியது. குழந்தை கண் திறக்கவில்லை.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் இரண்டு பேரையும் தன் வேனிலேயே போட்டு ஓட்டினான். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மழைச்சாரல் அடிக்க அடிக்க, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜுலைஹா பீவி ஓதிக்கொண்டே போனாள்.

சீதாராமன் ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. டாக்ஸியிலிருந்து இறங்கியபோது கையில் அந்த ரப்பர் பட்டைச் சுருள் இருந்தது. கத்தரிக்காய்ப் பையை எங்கே விட்டாரோ. எமர்ஜென்சி வாசலில் சூடான் நாட்டு டாக்டர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குள் கரி எரித்தீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"புகையில்லாத கரி டாக்டர். நன்னா சிவந்தப்பறம்தான்..." என்று இவர் எந்த மொழியில் பேசுகிறோம் என்பது தெரியாமல் பேசினார், பிறகு இங்கிலீஷில் திரும்பச் சொன்னார்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அலுப்புதான் தெரிந்தது. "ஒவ்வொரு குளிருக்கும் யாராவது இதையேதான் சொல்கிறார்கள். கொல்வது புகை இல்லை. எரிகிற கரியிலிருந்து வரும் காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடின அறையில் அது ரத்தத்தில் ஏறிவிடும். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் மனைவிக்கு ஆபத்தில்லை. குழந்தைக்கு ஏற்கெனவே மூச்சுத் தொல்லை உண்டு போலிருக்கிறது. கண் விழித்துப் பேசட்டும், அப்புறம்தான் என்னால் எதுவும் சொல்ல முடியும்."

ஷியாமளா ஒரு கட்டிலில் மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள் மூடியிருக்கப் படுத்திருந்தாள். இவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் கௌஸ் முகம்மது ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். ஜுலைஹா பீவி கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். சீதாராமன் அவர்கள் முன்னால் போய் நின்றார். கும்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. "நீங்க ஹீட்டர் போடறேள்னு நெனச்சுண்டு... அந்த ஓட்டையை..." என்று இழுத்தார்.

"ஹீட்டரா?" என்றான் கௌஸ் முகம்மது. "நாங்க ஹீட்டரே வாங்கல சார். நீங்க பில்லைப் பாத்து சங்கடப்படுவீங்கன்னு இவதான் வேணாம்னுட்டா. ரெண்டு வீட்லயும் குளிருக்கு கீசர் ஓடுதுல்ல, அதுல ஏறுனதுதான் பில்லு."

ஜுலைஹா பீவி, "இப்ப எதுக்கு அதெல்லாம்? பாப்பாகிட்டப் போங்கண்ணே" என்றாள்.

சீதாராமன் மகளின் கட்டில் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அறை கதகதவென்று இருந்தது. மேலே எங்கிருந்தோ சூடான காற்று வந்துகொண்டேயிருந்தது. மாஸ்க் அந்தச் சின்ன முகத்துக்குப் பெரிசாக இருந்தது. அவள் தலைமுடியில் இன்னும் சாம்பிராணி வாசனை. கண்ணைத் திற, கண்ணைத் திற என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், பத்தாவிலேயே கிடந்து சாகிறேன், போனிலேயே பார்த்துக்கொள்கிறேன், நீ கண்ணைத் திறந்தால் போதும் என்று தெரிந்த தெய்வத்திடமெல்லாம் வேண்டினார். குளிரைக் கண்டு பயந்தவர் இல்லை அவர். இவர்களைப் பிரிய வேண்டி வந்துவிடுமே என்றுதான் இத்தனை நாளும் பயந்து செத்தார். அந்தப் பயம் இன்றைக்கு எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது!

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கும்போது மஹதியின் இமை அசைந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தாள். விளக்கைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், சூடான காற்று வரும் இடத்தைப் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"மஹதி! கண்ணா! அப்பா இங்கதான் இருக்கேன்!" சீதாராமன் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "நர்ஸ்! நர்ஸ்!"

குழந்தை கையைத் தூக்கி மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அப்பா... இங்க ஹீட்டர் ஓடிண்டே இருக்கு. பில் ஜாஸ்தி வருமா?"

சீதாராமன் மாஸ்க்கை மேலே ஏற்றக் கையை நீட்டினார்.

"இதுவும் காஸ்ட்லியாப்பா?" என்று மாஸ்க்கை அவரிடம் நீட்டினாள். "ஆஃப் பண்ணிடுங்கோ. ஐ கேன் மேனேஜ்."

சீதாராமன் மாஸ்க்கை வாங்கி மறுபடி அவள் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. அப்பா சபாஷ் சொல்வார் என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.